ஒரே ஸ்கேன், இரண்டு டாக்டர்கள், இரண்டு காரணங்கள்: அப்பாவின் ஸ்ட்ரோக் பற்றி ஒரு மகளின் கேள்வி

விருதுநகர் மாவட்டத்திலிருந்து ஒரு மகள் எழுதியிருக்கிறார். நீளமான கடிதம் என்பதால் அடையாளங்களை நீக்கிச் சுருக்கமாகத் தருகிறேன்.

அப்பாவுக்கு 57 வயது, மளிகைக் கடை வைத்திருக்கிறார். சுகர் வந்து 12 வருடம் ஆகிறது. பிரஷரும் உண்டு, ஆனால் அதற்கான மாத்திரையைத் தலை சுற்றினால் மட்டும் போடுவார். ஐந்து வாரங்களுக்கு முன் ஒரு மாலை, கடையில் நின்றுகொண்டிருந்தபோது இடது காலிலிருந்து செருப்பு நழுவியது, கொஞ்ச நேரத்தில் இடது கை கனத்தது. வாயுப் பிடிப்பு என்று ஓமத் தண்ணீர் குடித்துவிட்டுப் படுத்துவிட்டார். மருத்துவமனைக்குப் போய்ச் சேர ஆறு மணி நேரம் ஆகிவிட்டது. சி.டி. ஸ்கேன் நார்மல். அன்று கையைத் தூக்க முடிந்தது, பிடிமானம்தான் குறைவு. மூன்றாம் நாள் காலையில் கை முழுவதும் விழுந்துவிட்டது. அதன் பிறகுதான் எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள்.

அந்த ரிப்போர்ட்டை அப்படியே எழுதி அனுப்பியிருக்கிறார். வலது பக்கம் பேசல் கேங்லியாவின் (மூளையின் ஆழப் பகுதி) அடிப்பகுதியில் தொடங்கி கரோனா ரேடியேட்டா (அதற்கு மேலே உள்ள நரம்பு இழைகள்) வரை மேலேறும் புது இன்ஃபார்க்ட் (ரத்தம் கிடைக்காமல் செத்துப்போன புண்), அடுத்தடுத்த நான்கு படங்களில் தெரிகிறது, மேல்கீழாக 24 மி.மீ. உயரம். இடது தாலமஸிலும் (இதுவும் ஆழப் பகுதிதான்) வலது பேசல் கேங்லியாவிலும் பழைய லாகுனார் இன்ஃபார்க்ட்கள், அதாவது சின்னப் புண்கள். மூளையின் வெள்ளைப் பகுதியில் ஃபசேகாஸ் 2 அளவு மாற்றங்கள், பக்கத்திலேயே ‘வயது சார்ந்தவை’ என்ற குறிப்பு. தாலமஸிலும் பான்ஸிலும் (மூளைத்தண்டின் நடுப்பகுதி) சேர்த்து நான்கு மைக்ரோப்ளீட். வலது நடு மூளைத் தமனியில் லேசான சுருக்கம்.

சேர்த்த மருத்துவமனையில், பிரஷரால் வந்த சின்னக் குழாய் அடைப்பு, ஒரு ஆஸ்பிரின் போதும் என்று எழுதிக் கொடுத்தார்கள். மதுரையில் பார்த்த நரம்பியல் டாக்டர், பெரிய குழாயின் சுவரில் கொழுப்புப் படிந்திருக்கிறது என்று சொல்லி ரத்தத்தை இளக்கும் மாத்திரை இரண்டும், கொழுப்புக்கு அதிக அளவு மாத்திரையும், 24 மணி நேரம் இதயத் துடிப்பைத் தொடர்ந்து பதிவு செய்யும் ஹோல்டர் சோதனையும் எழுதியிருக்கிறார். மாமா, ஸ்டென்ட் வைத்தால் பிரச்சினை முடிந்தது என்கிறார். மைக்ரோப்ளீட் என்றால் மூளையில் ரத்தக் கசிவு என்று இணையத்தில் படித்துவிட்டு, பத்து நாட்களாக ரத்தத்தை இளக்கும் இரண்டு மாத்திரைகளையும் மகளே நிறுத்தி வைத்திருக்கிறார். பிரஷர் 180 இருந்தும் உடனே குறைக்காததால்தான் அப்பா மோசமானார் என்று தம்பி மருத்துவமனை மீது புகார் கொடுக்கக் கிளம்பியிருக்கிறார். அப்பா ஸ்ட்ரோக்குக்கு முந்தைய இரண்டு வருடங்களாகவே மந்தமாகத்தான் இருந்தார், கடைக் கணக்கில் தப்பு விட ஆரம்பித்திருந்தார் என்பதைக் கடிதத்தின் கடைசியில் போகிற போக்கில் சொல்லியிருக்கிறார். தாத்தாவும் எழுபது வயதில் வாதம் வந்து இறந்தவர் என்பதால், தாங்களும் ஸ்கேன் எடுக்க வேண்டுமா என்று கேட்கிறார்.

அன்புள்ள வாசகிக்கு,

காரணம் என்ன என்பதற்குப் போகும் முன், அவசரமான விஷயத்தை முடித்துவிடுவோம்.

நிறுத்திய மாத்திரை

இதைப் படித்ததும் மதுரை டாக்டருக்குப் போன் போடுங்கள். பத்து நாளாக நிறுத்தியிருக்கிறோம் என்று மறைக்காமல் சொல்லுங்கள். மலம் கறுப்பாகப் போகிறதா, பழைய வயிற்றுப் புண் உண்டா, வேறு ஏதாவது மாத்திரை போடுகிறாரா என்று கேட்பார், அதற்குப் பதிலைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். எந்த மாத்திரையில் மறுபடி தொடங்குவது என்பதை அவர் சொல்லட்டும். ஆனால் எதுவுமே இல்லாமல் இன்னொரு வாரம் ஓடக் கூடாது, ஏனென்றால் அடைப்பால் ஸ்ட்ரோக் வந்தவருக்கு அடுத்தது வரும் ஆபத்து முதல் சில வாரங்களில்தான் மிக அதிகம்.

மைக்ரோப்ளீட் பற்றி உங்களுக்கு வந்த பயம் இயல்பானது, அந்தச் சொல்லைப் பார்த்தால் யாருக்கும் வயிற்றைக் கலக்கும். ஆனால் அது இப்போது கசிந்துகொண்டிருக்கும் ரத்தம் இல்லை. எப்போதோ ஒரு நுண்ணிய குழாயிலிருந்து துளியளவு கசிந்து, உடம்பு அதைச் சுத்தம் செய்த பிறகு மிச்சமிருக்கும் இரும்புக் கறைதான் அது. எஸ்.டபிள்யூ.ஐ. என்ற படவரிசையில் அந்த இரும்பு காந்தப்புலத்தைக் கலைப்பதால், புள்ளி உண்மையான அளவைவிடப் பெரிதாகவும் கறுப்பாகவும் தெரியும் (சில சமயம் வெறும் கால்சியம் படிவுகூட இப்படித் தெரிந்து ஏமாற்றும், பழைய சி.டி.யோடு ஒப்பிட்டால் பிடிபட்டுவிடும்).

எத்தனை புள்ளி என்பதைப் போலவே எங்கே இருக்கிறது என்பதும் முக்கியம். மூளையின் ஓரங்களில், புறணிக்குப் பக்கத்தில் மட்டுமே இருந்தால், வயதானவர்களுக்கு அமிலாய்ட் என்ற புரதம் குழாய்ச் சுவரில் படிவதைச் சந்தேகிப்போம். அது ரத்தக் கசிவுப் பக்கம் சாயும் நோய், அங்கே ஆஸ்பிரினுக்கே இரண்டு முறை யோசிக்க வேண்டியிருக்கும். உங்கள் அப்பாவுக்கு இருப்பது தாலமஸிலும் பான்ஸிலும். அது பல வருடம் கட்டுப்படாத பிரஷர் விட்டுச்செல்லும் அடையாளம். அடைப்பு ஸ்ட்ரோக் வந்த 20,000-க்கும் மேற்பட்டவர்களின் தகவல்களைச் சேர்த்து 2019-இல் வெளியான ஓர் ஆய்வில், மைக்ரோப்ளீட் இருந்தவர்களுக்கு ரத்தக் கசிவு ஆபத்து கூடியது உண்மைதான், ஆனால் எத்தனை புள்ளி இருந்தாலும் மறுபடி அடைப்பு வரும் ஆபத்து அதைவிட அதிகமாகவே இருந்தது. ஆகவே இந்த நான்கு புள்ளிகளும் சொல்வது, பிரஷர் மாத்திரையை ஒரு நாள்கூட விடாதே என்பதுதான். ஆஸ்பிரினை நிறுத்தச் சொல்லவில்லை.

படம் எதைக் காட்டுகிறது

காரணம் இன்னது என்று எந்த ஸ்கேனும் எழுதித் தராது. புண் எங்கே, எவ்வளவு பெரியது, என்ன வடிவம், அதனுடன் வேறு என்னென்ன இருக்கின்றன, இவ்வளவுதான் அது காட்டும். அதை வைத்து எந்தக் காரணத்தைத் தேடுவது என்று முடிவு செய்வது டாக்டரின் வேலை. ரிப்போர்ட்டில் ‘லாகுனார் இன்ஃபார்க்ட்’ என்று இருந்தால் அதையே காரணமாக எடுத்துக்கொள்வது குடும்பத்தினர் மட்டும் செய்வது இல்லை, டாக்டர்கள் பலரும் அப்படித்தான் எடுத்துக்கொள்கிறார்கள். அது புண்ணின் அளவையும் இடத்தையும் விவரிக்கும் சொல், அவ்வளவே.

மூளையின் ஆழப் பகுதிக்கு ரத்தம் போகும் விதம் கொஞ்சம் விசேஷமானது. நடு மூளைத் தமனி போன்ற பெரிய குழாயின் அடியிலிருந்து, பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான அகலமுள்ள சின்னக் குழாய்கள் நேராகப் பிரிந்து உள்ளே ஏறுகின்றன. ஒன்று அடைபட்டால் பக்கத்துக் குழாய் உதவிக்கு வராது. கண்மாய்ப் பாசனம் தெரிந்த ஊர்க்காரர் நீங்கள், அதனால் இப்படிச் சொல்கிறேன்: வயல் காய்ந்துகிடக்கிறது என்றால், வயலுக்குப் போகும் சின்னக் கால்வாய் தூர்ந்துபோயிருக்கலாம், பெரிய வாய்க்காலிலிருந்து அது பிரியும் வாயிலேயே மண் மேடிட்டு அடைத்திருக்கலாம், அல்லது மேலிருந்து மிதந்து வந்த குப்பை சிக்கியிருக்கலாம். காய்ந்த வயல் மூன்றிலும் ஒன்றுபோலத்தான் இருக்கும், ஆனால் எவ்வளவு இடம் காய்ந்திருக்கிறது, எந்த ஓரத்திலிருந்து காய்ந்திருக்கிறது என்று பார்த்தால் ஓரளவு ஊகிக்கலாம்.

முதல் வகையில், சின்னக் குழாயின் சுவரே பிரஷராலும் சுகராலும் தடித்து அடைகிறது. கனடாவைச் சேர்ந்த மில்லர் ஃபிஷர் என்ற நரம்பியல் மருத்துவர், 1960-களில் இறந்தவர்களின் மூளையை மெல்லிய சீவல்களாக வெட்டிப் பார்த்து இதை விளக்கினார். இதில் புண் சின்னதாக, உருண்டையாக, 15 மி.மீ.க்குள் இருக்கும். பெரும்பாலும் ஆழத்தில் தனித்து நிற்கும்.

இரண்டாம் வகை குழாய் பிரியும் வாயில் நடப்பது. பெரிய குழாயின் சுவரில் படிந்த கொழுப்பு, சின்னக் குழாயின் வாயை மூடிவிடுகிறது. வாயே மூடியதால் அந்தக் குழாய் போகும் நீளம் முழுவதும் அடிபடும், புண் அடியிலிருந்து மேலே நீண்டு ஏறும். 1989-இல் லூயிஸ் கேப்லன் இதைத் தனியாக எடுத்துப் பேசினார். பொதுவாக, புண் 15 மி.மீ.க்கு மேல் இருந்து, அடுத்தடுத்து மூன்று படங்களிலாவது தெரிந்தால் இந்த வகையைச் சந்தேகிப்போம். பான்ஸாக இருந்தால் புண் அதன் முன்பக்க விளிம்பைத் தொட்டுக்கொண்டிருக்கும். உங்கள் ரிப்போர்ட்டில் 24 மி.மீ., நான்கு படங்கள், அடியிலிருந்து மேலேறுகிறது என்று இருக்கிறதே, அதைப் பார்த்துத்தான் மதுரை டாக்டர் அப்படிச் சொல்லியிருப்பார். அவர் சொல்வது எனக்கும் சரியாகப் படுகிறது. உயரத்தை அளந்து எழுதிய ரேடியாலஜிஸ்ட்டுக்கு ஒரு நன்றி, ஏனென்றால் படுக்கைவாட்டில் மட்டும் அளந்து ‘12 மி.மீ. லாகுனார்’ என்று முடித்துவிடும் ரிப்போர்ட்கள்தான் அதிகம்.

குழாய்ப் படத்தில் சுருக்கம் ‘லேசான’து என்று போட்டிருப்பது இதற்கு முரண் இல்லை. எம்.ஆர்.ஏ. என்ற அந்தக் குழாய்ப் படம் காட்டுவது குழாயின் உள்வெளியை. சின்னக் குழாயின் வாயை மூட, சுவரில் ஒரு சிறிய படிவு போதும், உள்வெளி கிட்டத்தட்ட நார்மலாகவே தெரியும். குழாய்ச் சுவரையே காட்டும் உயர்துல்லிய எம்.ஆர்.ஐ. சில பெரிய மையங்களில் இருக்கிறது. ஆனால் அப்பாவின் சிகிச்சையை அது பெரிதாக மாற்றப்போவதில்லை என்பதால், அதற்காகக் கடன் வாங்கிச் சென்னைக்கு ஓட வேண்டாம்.

மூன்றாவது, மேலிருந்து மிதந்து வரும் ரத்தக் கட்டி. இதயத்திலிருந்தோ கழுத்துக் குழாயிலிருந்தோ வந்தால், ஆழத்துப் புண்ணோடு மூளையின் மேற்பரப்பிலும் சின்னச் சின்னப் புதுப் புள்ளிகள் இருக்கும், அல்லது இரண்டு பக்கத்திலும், வெவ்வேறு குழாய்களின் எல்லைகளில் ஒரே நேரத்தில் இருக்கும். கழுத்துக் குழாய் மிகவும் சுருங்கியிருந்தால் வெள்ளைப் பகுதியில் வரிசையாக மணி கோத்ததுபோல் புள்ளிகள் விழும். இவை எதுவும் உங்கள் ரிப்போர்ட்டில் இல்லை. ஆனாலும் ஹோல்டரை எடுத்துவிடுங்கள். மருத்துவமனையில் எடுத்த ஈ.சி.ஜி. சில விநாடிகளின் துடிப்பைத்தான் பார்க்கிறது, விட்டுவிட்டு வரும் தாளக் கோளாறை அது தவறவிடும். எக்கோவும் ஒருமுறை பார்த்துவிடலாம். நம் ஊரில் சிறுவயதில் வந்த மூட்டுக் காய்ச்சல் இதய வால்வைச் சுருக்கிவிட்டு, ஐம்பது வயதில் ஸ்ட்ரோக்காக வெளியே வரும் கதைகள் இன்னும் உண்டு.

அப்புறம், ஆழத்தில் வருவதெல்லாம் இந்த மூன்றுக்குள் அடங்கும் என்றும் இல்லை. சில வாரக் காய்ச்சல், தலைவலியோடு, தாலமஸின் முன் உள்பகுதியிலும், காடேட் என்ற பக்கத்து ஆழப் பகுதியின் தலையிலும் புண் விழுந்தால் நம் நாட்டில் டி.பி. மூளைக்காய்ச்சலை நினைக்காமல் இருக்க முடியாது. பிரசவத்துக்குப் பிறகு ஒரு பெண்ணுக்கு இரண்டு தாலமஸும் வீங்கினால் சிரைக்குள் ரத்தம் உறைந்திருக்கலாம். அப்பாவின் கதையில் இவற்றுக்கு இடமில்லை, வேறு வீட்டில் யாராவது இதைப் படித்தால் உதவும் என்பதற்காகச் சொல்கிறேன்.

இரண்டு டாக்டர்களும் ஏன் வேறு வேறு சொன்னார்கள்? 1993-லிருந்து உலகம் முழுவதும் பயன்படும் டோஸ்ட் என்ற வகைப்பாட்டில், சின்னக் குழாய் வகைக்குப் புண் 15 மி.மீ.க்குள் இருக்க வேண்டும், பெரிய குழாய் வகைக்குச் சுருக்கம் 50 சதவீதத்துக்கு மேல் வேண்டும். உங்கள் அப்பா இரண்டிலும் பொருந்த மாட்டார். என் பார்வையில் இருவருமே பாதிப் பாதி சரி. பழைய புண்கள், வெள்ளைப் பகுதி மாற்றம், மைக்ரோப்ளீட் எல்லாம் பல வருடச் சின்னக் குழாய் நோய். இந்த முறை கையை வீழ்த்திய புதுப் புண், பெரிய குழாயின் சுவரிலிருந்து. ஒரே மூளையில் இரண்டும் இருக்கலாம். சுகரும் பிரஷரும் சேர்ந்தவர்களுக்குப் பெரும்பாலும் இரண்டும் இருக்கத்தான் செய்கின்றன.

மூன்றாம் நாள் என்ன நடந்தது

தம்பியிடம் இந்தப் பகுதியைக் காட்டுங்கள்.

குழாயின் வாய் மூடும் இந்த வகை ஸ்ட்ரோக்கில், முதல் சில நாட்களில், மருத்துவமனையில் இருக்கும்போதே, மாத்திரையும் கொடுத்துக்கொண்டிருக்கும்போதே, பலவீனம் படிப்படியாகக் கூடுவது அடிக்கடி நடக்கிற விஷயம். அதைத் தடுக்க உறுதியான மருந்து இன்றுவரை இல்லை, எங்களுக்கும் மிகவும் சங்கடமான நிலைமை அது. நடந்து வந்தவர் மூன்றாம் நாள் எழ முடியாமல் கிடக்கும்போது குடும்பம் மருத்துவமனையைச் சந்தேகிப்பதில் ஆச்சரியமே இல்லை, குறிப்பாக, இப்படி ஆகலாம் என்று முதல் நாளே யாரும் சொல்லாதபோது. சொல்லாதது குறைதான்.

ஆனால் 180 பிரஷரைக் குறைக்காதது தவறில்லை. அடைப்பு ஸ்ட்ரோக்கின் முதல் ஒன்றிரண்டு நாட்களில், கட்டியைக் கரைக்கும் ஊசி போடாதவர்களுக்கு, 220/120 வரை பொதுவாக விட்டுவிடுவோம். அடைப்பைத் தாண்டி மிச்சம் மீதி ரத்தம் போய்ச் சேருவது அந்த அழுத்தத்தால்தான். சடாரென்று இறக்கியிருந்தால்தான் அப்பா இன்னும் மோசமாகியிருக்கலாம். அந்த ஊசியைப் போடாததும் அவர்கள் குற்றமில்லை, அதற்கு அறிகுறி தொடங்கியதிலிருந்து நாலரை மணி நேரம்தான் கெடு. சி.டி. நார்மல் என்று சொன்னதும் பொய்யில்லை. முதல் சில மணி நேரத்தில் ஆழத்துச் சின்னப் புண் சி.டி.யில் தெரியாது. எம்.ஆர்.ஐ.யின் டி.டபிள்யூ.ஐ. வரிசையில்தான் தெரியும்.

இதெல்லாம் சொல்லி உங்கள் வாயை அடைப்பது என் நோக்கம் இல்லை. கேட்க வேண்டிய நியாயமான கேள்விகள் இருக்கின்றன: ஆஸ்பிரினை எந்த நாள் எத்தனை மணிக்குத் தொடங்கினார்கள், மூன்றாம் நாள் மோசமானதும் மறுபடி சி.டி. எடுத்து ரத்தக் கசிவு இல்லை என்று உறுதி செய்தார்களா, வாய்வழி சாப்பாடு கொடுக்கும் முன் விழுங்க முடிகிறதா என்று பார்த்தார்களா, பிரஷரும் சுகரும் எவ்வளவு ஏறி இறங்கின. இவற்றுக்கு விடை கேஸ் ஷீட்டில் இருக்கும். இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002-ஆம் ஆண்டு ஒழுங்குமுறை விதிகளின்படி, நோயாளியோ அவர் அனுமதித்தவரோ கேட்டால் 72 மணி நேரத்துக்குள் ஆவணங்களைக் கொடுக்க வேண்டும், மூன்று வருடம் பாதுகாத்து வைக்கவும் வேண்டும். அப்பாவின் கையெழுத்தோடு, அது முடியாவிட்டால் கைரேகையோடு, எழுத்துமூலமாகக் கேளுங்கள். கோபமாக எழுத வேண்டாம், இரண்டு வரி போதும்.

அதைப் படித்த பிறகும் சந்தேகம் இருந்தால் வக்கீலிடம் போங்கள். நுகர்வோர் ஆணையத்துக்குப் போக இரண்டு வருட அவகாசம் இருக்கிறது, இந்த வாரமே ஓட வேண்டிய அவசியம் இல்லை. சேர்த்த இடத்தில் மோசமானார் என்ற ஒன்றை மட்டும் வைத்துப் போனால் வழக்கு நிற்காது.

ஸ்கேனையும் குறுந்தகட்டில், முழு டைகாம் கோப்புகளாக (ஸ்கேன் கருவி தரும் அசல் படக் கோப்புகள்) கேட்டு வாங்குங்கள். ஃபிலிமை ஜன்னலில் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பினால் நான்கு மைக்ரோப்ளீட் நாற்பதாகவும் தெரியும், ஒன்றுமே இல்லாமலும் போகும்.

ஒரு மாத்திரையா, இரண்டா, ஸ்டென்டா

இரண்டு மாத்திரை கொஞ்ச காலத்துக்கு, பிறகு ஒன்று. இதுதான் இன்று பொதுவாக நடக்கும் முறை. லேசான ஸ்ட்ரோக்குக்கு மூன்று வாரம், மூளைக்குள் பெரிய குழாய் கடுமையாகச் சுருங்கியிருந்தால் மூன்று மாதம். அப்பாவின் நிலை இரண்டுக்கும் நடுவில், ஏற்கெனவே ஐந்து வாரமும் ஆகிவிட்டது, நடுவில் பத்து நாள் இடைவெளி வேறு. அதனால் இன்னும் இரண்டு தேவையா, ஒன்று போதுமா என்பது பரிசோதித்துப் பார்த்து மதுரை டாக்டர் எடுக்க வேண்டிய முடிவு. நீங்கள் கேட்க வேண்டியது ஒன்று: “எந்தத் தேதியில் ஒன்றாகக் குறைக்க வேண்டும்?” அந்தத் தேதியைச் சீட்டில் எழுதி வாங்கிவிடுங்கள். ஏனென்றால் ரத்தத்தை இளக்கும் இந்த இரண்டு மாத்திரைகளும், ஆஸ்பிரினும் க்ளோபிடோக்ரெலும், ஒரே கேப்சூலில் சேர்ந்து வருகின்றன, சிலதில் கொழுப்பு மாத்திரையும் சேர்ந்தே. பழைய அட்டையைக் காட்டி மருந்துக்கடையில் வாங்கி வாங்கி, வருடக்கணக்கில் இரட்டை மாத்திரையிலேயே இருப்பவர்களை நான் நிறையப் பார்க்கிறேன். சின்னக் குழாய் ஸ்ட்ரோக் வந்த சுமார் 3,000 பேரிடம் நடந்த எஸ்.பி.எஸ்.3 ஆய்வில், இரண்டையும் நீண்ட காலம் கொடுத்ததால் அடுத்த ஸ்ட்ரோக் குறையவில்லை, ரத்தக் கசிவும் மரணமும்தான் கூடின. மைக்ரோப்ளீட் உள்ளவருக்கு இது இன்னும் கவனிக்க வேண்டிய விஷயம்.

அதே ஆய்வின் இன்னொரு பாதியைப் பற்றி யாரும் பேசுவதில்லை. மேல் பிரஷரை 130-க்குக் கீழே வைத்தவர்களிடம் மூளை ரத்தக் கசிவு 60 சதவீதத்துக்கும் மேல் குறைந்தது. உங்கள் அப்பாவுக்கு அடைப்பு, கசிவு இரண்டு ஆபத்தும் இருக்கின்றன. இரண்டையும் ஒரே நேரத்தில் குறைப்பது பிரஷர் மாத்திரைதான், எந்த ஸ்கேனும் எந்த ஆபரேஷனும் இதற்கு ஈடில்லை. ‘இப்போ நார்மல்தானே’ என்று அவர் நிறுத்தப் பார்ப்பார், மாத்திரை போடுவதால்தான் நார்மலாக இருக்கிறது என்பதை வீட்டில் யாராவது தினமும் சொல்ல வேண்டியிருக்கும். மாத்திரை வாங்க அலைய முடியவில்லை என்றால் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிரஷர், சுகர் மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன, உங்கள் பகுதிச் சுகாதாரச் செவிலியரிடம் பெயர் கொடுங்கள். வீட்டில் ஒரு டிஜிட்டல் பிரஷர் கருவி வாங்கிவையுங்கள், வலது கையில் பாருங்கள். ஊறுகாய், கருவாடு, அப்பளம் பற்றி நீங்களே அறிவீர்கள்.

மாமா சொல்லும் ஸ்டென்ட் வேண்டாம். இதய ஸ்டென்டைப் பார்த்து அவர் சொல்கிறார், நல்ல எண்ணம்தான், ஆனால் மூளைக் குழாய் கதை வேறு. 70 சதவீதத்துக்கு மேல் சுருங்கியவர்களிடம் நடந்த சாம்ப்ரிஸ் என்ற அமெரிக்க ஆய்வை 2011-இல் பாதியிலேயே நிறுத்த வேண்டியிருந்தது. முதல் 30 நாளில் ஸ்ட்ரோக்கோ மரணமோ, ஸ்டென்ட் வைத்தவர்களில் 14.7 சதவீதம் பேருக்கு வந்தது, மாத்திரை மட்டும் எடுத்தவர்களில் 5.8 சதவீதம் பேருக்குத்தான். இங்கே சுருக்கமோ லேசானது. அதோடு, பிரச்சினையே சின்னக் குழாய் பிரியும் வாயில் இருக்கும்போது ஸ்டென்ட் அந்தப் படிவை நசுக்கிப் பக்கத்து வாய்களையும் மூடிவிடலாம்.

‘வயது சார்ந்தவை’ என்று போகிற போக்கில் எழுதப்பட்டது

உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்திய வரி, இரண்டு வருடமாகக் கடைக் கணக்கில் தப்பு வருகிறது என்பது. 57 வயதில் ஃபசேகாஸ் 2-ஐ வயது என்று சொல்லி ஒதுக்கிவிட முடியாது. அந்த அளவுகோல் பூஜ்யத்திலிருந்து மூன்று வரை போகிறது. 2 என்றால் வெள்ளைப் பகுதியில் தனித்தனியாக இருந்த திட்டுகள் ஒன்றோடு ஒன்று சேரத் தொடங்கிவிட்டன என்று பொருள். பழைய புண்கள் இரண்டும் எந்த அறிகுறியும் காட்டாமல் வந்துபோயிருக்கின்றன என்று நீங்கள் நினைக்கலாம், ஆனால் அறிகுறி இருந்திருக்கிறது, யாரும் அதை ஸ்ட்ரோக்கோடு சேர்க்கவில்லை. யோசிக்கும் வேகம் குறைவது, இரண்டு வேலையைச் சேர்த்துச் செய்ய முடியாமல் தடுமாறுவது, சின்னச் சின்ன அடி வைத்து நடப்பது, சிறுநீரை அடக்க முடியாமல் ஓடுவது, எதிலும் ஆர்வமில்லாமல் உட்கார்ந்திருப்பது, இதெல்லாம் சின்னக் குழாய் நோயின் முகங்கள். பெயர்கள் மறந்துபோவது பெரும்பாலும் அப்புறம்தான் வரும்.

அடுத்த முறை போகும்போது நினைவாற்றலையும் கவனத்தையும் சோதிக்கும் தாள் சோதனை ஒன்றைக் கேளுங்கள், அரை மணி நேரம்கூட ஆகாது. பி12, தைராய்டு ரத்தப் பரிசோதனையும் சேர்த்து. சுகருக்கான மெட்ஃபார்மின் மாத்திரையைப் பல வருடம் எடுத்தவர்களுக்கு பி12 குறைவது சகஜம். மனச்சோர்வும் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள், ஸ்ட்ரோக்குக்குப் பிறகு அது நிறையப் பேருக்கு வரும், வந்தால் பிசியோதெரபிக்கும் ஒத்துழைக்க மாட்டார்கள். இப்போதைக்குக் கடையின் கடன் நோட்டையும் கொள்முதலையும் நீங்களோ தம்பியோ பார்த்துக்கொள்ளுங்கள், ஆனால் கல்லாவிலிருந்து அவரை எழுப்பிவிடாதீர்கள். உட்கார்ந்து நாலு பேரிடம் பேசுவதே அவருக்குப் பயிற்சி.

கைக்குப் பிசியோதெரபியை ஒரு நாளும் விடக் கூடாது, முதல் மூன்று மாதம் பொன்னான காலம். தூக்கி உட்காரவைக்கும்போது விழுந்த கையைப் பிடித்து இழுக்காதீர்கள், தோள்மூட்டு நழுவி வலி வந்தால் பயிற்சியே நின்றுபோகும்.

உங்களுக்கும் தம்பிக்கும்

ஸ்கேன் வேண்டாம். எழுபது வயதில், பிரஷர் உள்ள தாத்தாவுக்கு வந்த வாதம் பரம்பரை ஸ்ட்ரோக் நோய்க்கு அறிகுறி ஆகாது. காடாசில் என்று ஒரு பரம்பரை நோய் உண்டு, நாட்ச்3 மரபணுவில் வரும் கோளாறு. அதில் நாற்பதுகளிலேயே ஸ்ட்ரோக் வரும், அதற்கு முன் கண்ணில் மின்னல் வெட்டோடு ஒற்றைத் தலைவலி வரும், ஸ்கேனில் பொட்டுப் பக்க மடலின் முன்நுனியில் வெள்ளை மாற்றம் தெரியும். உங்கள் வீட்டில் யாருக்கும் அப்படி எழுதவில்லை, அப்பாவின் ரிப்போர்ட்டிலும் அந்த இடம் குறிப்பிடப்படவில்லை. ஆனால் டாக்டர் படங்களைத் திறந்து பார்க்கும்போது அந்த நுனியையும் ஒரு கண் பாருங்கள் என்று கேட்டுக்கொள்ளலாம்.

உங்கள் குடும்பத்தில் வழிவழியாக வருவது பிரஷரும் சுகரும். நீங்கள் இருவரும் இந்த மாதமே பிரஷர், வெறும் வயிற்றுச் சுகர், மூன்று மாதச் சராசரி, கொழுப்பு நான்கையும் பாருங்கள், ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே பார்க்கலாம். தம்பி புகை பிடிப்பார் என்று ஒரு வரியில் எழுதியிருந்தீர்கள், அதை அவரிடம் நான் சொன்னதாகவே சொல்லுங்கள்.

அப்பாவுக்கு மறுபடி வாய் கோணினாலோ, பேச்சு குழறினாலோ, வலது பக்கம் தளர்ந்தாலோ, நடை திடீரென்று தள்ளாடினாலோ, ஓமத் தண்ணீர் கொடுத்துப் பார்க்க வேண்டாம். மணியைக் குறித்துக்கொண்டு 108-ஐ அழைத்து, எம்.ஆர்.ஐ. அல்லது சி.டி. இருக்கிற, ஸ்ட்ரோக் ஊசி போடுகிற மருத்துவமனைக்கு நேராகக் கொண்டுபோகச் சொல்லுங்கள். அது உங்கள் ஊரிலிருந்து எது, எவ்வளவு நேரம் ஆகும் என்பதை இன்றைக்கே விசாரித்து வைத்துவிடுங்கள்.